கொட்டாய் நம்மளுது, தொடப்பம் யாருது?

போன இதழ்ல, ஊத்துக்கோட்டை தாண்டி மலையடிவாரத்துல நாங்க தண்டையார்பேட்ட பசங்க சேர்ந்து 9 வருஷமா பாத்துக்கினு இருக்கிற கேம்ப் கொட்டாய பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், லெட்டரு, வாட்ஸ்ஆப், வாய்ஸ் மெசேஜுன்னு கொட்டுது. வடசென்னைல இத்தன பேரு காட்டாண்ட கொட்டாய் போட்டுட்டு முழிக்கிறாங்கன்னு எனக்கு இப்போதான் தெரியும். அதனால இந்த தடவ முழுக்க அதுதான், குடும்பப் பிரச்சன எழுதினவங்க அடுத்த இதழ் வரைக்கும் சண்ட போடாம இருங்க.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): அண்ணாத்த, நாங்க 14 பேரு துட்டு போட்டு பெரியபாளையம் தாண்டி ஒரு நிலத்த குத்தகைக்கு எடுத்து ஷெட்டு போட்டோம். மொத ஞாயித்துக்கெழம வேலைக்கு 25 பேரு வந்தாங்க, செல்ஃபில நிக்க எடம் இல்ல. மூணாவது மாசம் நாங்க 4 பேருதான். குரூப்புல மெசேஜ் போட்டா கட்டவெரல தூக்கி காட்டுறானுங்க, ஆளு வர்ல. இன்னா பண்றது?

பதில்: மொத நாளு இன்னா வேலை ஆரம்பிச்சீங்கன்னு எழுதல, நான் சொல்லட்டா, வேலி. எல்லாரும் வேலிதான் ஆரம்பிப்பாங்க, நாங்களும் அதான். ஒன்றரை ஏக்கர சுத்தி கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுக்கலாம்னு எறங்குனோம், மொத நாளு 11 கால் நட்டதுல எல்லாருக்கும் இடுப்பு ஒடிஞ்சிது, மறுமாசம் வந்தவன் பாத்தா அதே 11 கால் நிக்குது, அவன் 6 நட்டுட்டு போனான், அதுக்கப்பால வந்தவன் பாத்தா வேலி பாதிதான் இருக்கு, பக்கத்து ஊரு ஆடு அது பாட்டுக்கு உள்ள வந்து மேஞ்சிட்டு போவுது. அவனுக்கு எப்படி மனசு வரும்? கூலிக்கு வர்றவனுக்கு வேலை முடியலன்னா நாளைக்கும் வேலை இருக்குன்னு ஒரு சந்தோஷம். சும்மா வர்றவனுக்கு அப்படி இல்ல, சாயங்காலம் பஸ் ஏறும்போது திரும்பி பாத்தா நாம பண்ணதுன்னு ஒண்ணு முழுசா தெரியணும்.

அதனால காலைல 7 மணிக்கு ஆரம்பிச்சு 11 மணிக்குள்ள முடியுற வேலைய மட்டும் எடுங்க. வாசப்படி ஒண்ணு. கெணத்தாண்ட தண்ணி ஓட 10 அடி கால்வா. ஒரு கட்டிலுக்கு கயிறு மாத்துறது. ஓட்டு மேல ரெண்டு ஓடு. வேலி, கூரை மாதிரி பெரிய வேலைய ஊர்க்காரங்கள வெச்சு கூலி குடுத்து பண்ணுங்க. வாலண்டியர்னு பேரு வெச்சு ஒருத்தன் பொழப்பு நடத்துற வேலைய ஓசில முடிச்சிக்கிறது எனக்கு புடிக்காத விஷயம், கூரை வேயுறவரு நம்மள விட நல்லா வேய்வாரு, அந்த துட்டு அந்த ஊருக்குள்ளயே நிக்கும், நாளைக்கு கொட்டாய்ல பொக வந்தா மொதல்ல ஓடி வர்றதும் அவருதான்.

இன்னொண்ணு, குரூப்புல "யாராவது வாங்க"ன்னு போடாதீங்க, அந்த யாராவது எந்த ஊர்லயும் பொறக்கல. நம்ம ஏரியா கேரம் கிளப்ப பாருங்க, போர்டு யாரோடதுன்னு கேட்டா தெரியாது, ஆனா பவுடர் தீந்துபோச்சுன்னா யாரு வாங்கிட்டு வரணும்னு அங்க குந்திக்கினு இருக்கிற சின்ன பையனுக்கு கூட தெரியும். ஆடி மாசம் கூழ் ஊத்துறதும் அப்படித்தானே, அண்டா ஒரு வீடு, வெறகு ஒரு வீடு, முருங்கக்கீரை ஒரு வீடு, யாரும் மீட்டிங் போடுறதில்ல. எங்க கொட்டாய்லயும் விளக்கு ஒருத்தன், கெணறு ஒருத்தன், மருந்து டப்பா ஒருத்தி, வேற யாரு தொட்டாலும் அவங்கள கேட்டுட்டுதான். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் பாத்தின்னு சொல்லுவாங்க, நம்ம கீரைப் பாத்தி இல்ல, மலைல நடக்கிறவங்க ராத்திரி தங்குறதுக்குன்னு இருக்கிற பழைய கல்லு வீடு, காசு கெடையாது, கரண்டும் கெடையாது. 1965ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு சுமார் 100 வீட்ட வாலண்டியருங்கள வெச்சே பாத்துக்கிறாங்க, முக்காவாசி வீடு அவங்க சொந்தம் கூட இல்ல, நிலத்துக்காரரு அனுமதில நடக்குது. அங்கயும் ஒவ்வொரு வீட்டுக்கும் இவருதான் பொறுப்புன்னு ஆளு உண்டு.

அப்பால சாப்பாடு. காசிமேட்டுல விடியக்காலம் 4 மணிக்கு மீனு வாங்கி ஐஸ் பொட்டில போட்டு எடுத்துட்டு போங்க. 11 மணிக்கு வேலை முடிஞ்சி 12 மணிக்கு சங்கரா மீன் கொழம்புன்னு குரூப்புல ஒரு போட்டோ போட்டு பாருங்க, கட்டவெரல் போட்டவனெல்லாம் அட்ரஸ் கேப்பான்.

கேள்வி (பெரம்பூர் வாசகி): என் வீட்டுக்காரரும் அவரு ஃப்ரெண்ட்ஸும் உங்கள மாதிரியே ஒரு கேம்ப் வெச்சிருக்காங்க. லேடீஸ் யாரும் வாலண்டியரா வர மாட்டேங்கிறாங்கன்னு எங்ககிட்டயே கொறபட்டுக்கிறாங்க. அங்க டாய்லெட் கெடையாது. நீங்களே சொல்லுங்க அண்ணே.

பதில்: நான் இன்னாம்மா சொல்றது, அவங்ககிட்ட இந்த பக்கத்த கிழிச்சி குடுத்துடு. வெக்கத்த விட்டு சொல்றேன், நாங்களும் மொத ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தோம், பெஞ்சு செஞ்சோம், ஊஞ்சல் கட்டுனோம், பேரு எழுதி போர்டு மாட்டுனோம், டாய்லெட் மட்டும் "அப்பால பாத்துக்கலாம்". என் தங்கச்சி ஒரு தடவ வந்துட்டு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம குந்திக்கினு இருந்திச்சி, எனக்கு அது சாயங்காலம்தான் உறைச்சிது.

கெணத்துலேர்ந்து 100 அடியாவது தள்ளி, கெணத்த விட பள்ளமான பக்கம், ரெண்டு குழி வெட்ட சொல்லுங்க. ஒண்ண மட்டும் உபயோகப்படுத்தணும், அது ரொம்பினதும் மூடிட்டு அடுத்ததுக்கு மாறணும், மூடுன குழிய ஒரு வருஷத்துக்கு மேல தொடவே கூடாது, அப்பால தெறந்தா மண்ணு மாதிரி இருக்கும், மரத்துக்கு போடலாம். நாலு பக்கமும் செவுரு, உள்பக்கம் தாழ்ப்பாள், பக்கெட்டு, சோப்பு, ராத்திரிக்கு ஒரு சோலார் லைட்டு, மூடி போட்ட குப்பத்தொட்டி ஒண்ணு. தாழ்ப்பாள் உள்பக்கம்னு ரெண்டு தடவ சொல்லு, நம்ம ஆளுங்க வெளிய மாட்டிட்டு வந்து நிப்பாங்க.

கேள்வி (கொடுங்கையூர் வாசகர்): குப்பைய கேம்ப்லயே குழி தோண்டி பொதைக்கலாமா, எரிக்கலாமா?

பதில்: குப்பமேட்டாண்ட கொடுங்கையூர்ல இருந்துக்கினு என்னைய கேக்குறீங்களா! பொதைச்சா நாயும் நரியும் ராத்திரியே தோண்டிடும், எரிச்சா அந்த பொக உங்களுக்கு தெரியாததா. கொண்டு போனத திருப்பி கொண்டு வாங்க. நாங்க கேட்டுலயே ஆளுக்கு ஒரு காலி சாக்கு குடுத்துடுவோம், அது வெறும் சாக்கா திரும்பி வந்தா "எங்க பா போட்ட?"ன்னு கேள்வி வரும். ஒரு தடவ தூக்கிப்போடுற பிளாஸ்டிக் கப்பு, தட்டெல்லாம் 2019 ஜனவரிலேர்ந்தே நம்ம ஸ்டேட்ல தடை, அத உள்ளயே விடாதீங்க.

கேள்வி (வண்ணாரப்பேட்ட வாசகர்): போன மாசம் வேலை செய்யும்போது வெறகு அடுக்குல பாம்பு. ஒரு பையன் அடிச்சிட்டான், இன்னொருத்தன் படம் புடிச்சி ஸ்டேட்டஸ் வெச்சிட்டான். நாங்க பண்ணது தப்பா?

பதில்: அடிச்சது தப்பு, ஸ்டேட்டஸ் வெச்சது மடத்தனம், 1972 வனவிலங்கு சட்டம்னு ஒண்ணு இருக்கு. அது கெடக்கட்டும், வெறகு அடுக்கு எங்க இருந்திச்சி? படுக்கிற எடத்தாண்ட தானே? வெறகுக்குள்ள எலி வரும், எலிக்கு பாம்பு வரும், வெறக தள்ளி வெச்சா பாதி பிரச்சன தீந்துது. தரைல படுக்காதீங்க. கட்டுவிரியன் ராத்திரில சுத்துற ஜாதி, தூக்கத்துல கடிச்சா பல பேருக்கு வலியே தெரியாது, காலைல கண்ணு இமை தூக்க முடியாம எழுந்திருப்பாங்க. கயித்துக்கட்டில் போட்டு கொசுவலைய பாய்க்கு அடில நல்லா சொருகுங்க.

கடிச்சா அறுக்காத, உறியாத, இறுக்கி கட்டாத. கடிபட்ட கைய காலை ஆட்டாம வெச்சி 108க்கு போன போட்டு ஆஸ்பத்திரிக்கு போவணும், வழில எந்த வைத்தியரும் வேணாம். பாம்ப புடிச்சி பைல போட்டு எடுத்துட்டு போறதும் வேணாம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே ஊசிதான். அந்த ஊசி செய்ய விஷம் எடுத்து குடுக்கிறதுல பேரு போனதே நம்ம வடநெம்மேலில பாம்பு புடிக்கிற இருளர் சங்கம், 1978ல ஆரம்பிச்சது. கிட்டத்துல எந்த அரசு ஆஸ்பத்திரில ஊசி இருக்குன்னு இப்பவே நேர்ல போய் கேட்டு, செவுத்துல பெயிண்ட்ல எழுதி வெச்சிடுங்க, செல்லுல வெச்சிருந்தா அன்னிக்குன்னு பார்த்து சார்ஜ் இருக்காது.

கேள்வி (ராயபுரம், காலேஜ் மாணவர்): எங்க கேம்ப்புக்கு பின்னாடியே ரிசர்வ் ஃபாரஸ்ட். வாலண்டியர் பசங்கள வெச்சி உள்ள ஒரு ட்ரெக்கிங் வழி வெட்டலாமாண்ணா?

பதில்: தம்பி, வேணாம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம கால் வெச்சாலே குத்தம், 1882 காலத்து வனச்சட்டம். கேஸு கூட ரெண்டாவது. 2018 மார்ச்சுல குரங்கணி மலைல காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல செத்தாங்களே, அதுல நம்ம சென்னைலேர்ந்து போனவங்க எத்தன பேரு, நீ அப்போ ஸ்கூல் படிச்சிருப்ப. காஞ்ச புல்லுல தீ ஏறினா மேடு நோக்கி நீ ஓடுறத விட வேகமா வரும். நடக்கணும்னா 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 வழி தெறந்திருக்காங்க, வழிகாட்டியோட, ஆன்லைன்ல புக் பண்ணிட்டு போலாம், நம்ம திருவள்ளூர் மாவட்டத்து குடியம் குகை கூட அதுல இருக்கு.

ஆளுங்க இருக்காங்கன்னா உங்க எல்லைக்கு உள்ள வேலை குடு. பொங்கலுக்கு அப்பால எல சருகு கொட்ட ஆரம்பிச்சிடும், உங்க நிலத்த சுத்தி 10 அடி அகலத்துக்கு சருகெல்லாம் வாரி மண்ணு தெரிய வெச்சிடணும், பிப்ரவரிலேர்ந்து ஜூன் வரைக்கும் மாசா மாசம். அடுப்பு ஒரே எடத்துலதான், சுத்தி கல்லு, பக்கத்துல தண்ணி பக்கெட்டு. கேம்ப்ஃபயர் ஃபோட்டோவுக்கு மழக்காலம் வரட்டும். புதரு ஒதுக்குற வேலைக்கு ஃபுல் பேன்ட், ஷூ. அந்த புதர்ல கண்ணுக்கே தெரியாத சின்ன பூச்சி கடிச்சா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சி காய்ச்சல் வரும், கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா ஒரு தழும்பு இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுக்கு போனேன்னு கட்டாயம் சொல்லணும், சொன்னா மருந்து சுலபம்.

கேள்வி (எண்ணூர் வாசகி): பூண்டி பக்கம் ஒரு கேம்ப்புக்கு தொடப்பம் புடிக்க போன என் பொண்ணு கண்ணீர்த்துளி மாதிரி ஒரு கல்லு எடுத்துட்டு வந்திருக்கா, ஓரமெல்லாம் செதுக்கின மாதிரி இருக்கு. ஷோகேஸ்ல வெக்கலாமா?

பதில்: எனக்கு வந்ததுலயே ஷோக்கான கேள்வி இது. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளக்காரரு பல்லாவரத்துல கற்கால கோடாரி கண்டெடுத்தாரு, அதே வருஷம் பூண்டியாண்ட அத்திரம்பாக்கத்துலயும் குவியலா கெடைச்சிது. அங்க கெடைச்ச கருவிங்கள்ல சிலது 15 லட்சம் வருஷத்துக்கு முந்தினதுன்னு 2011ல ஆராய்ச்சில சொன்னாங்க. உங்க வீட்டாண்ட கடல்ல கலக்குற கொசஸ்தலை ஆறு இருக்கே, அதே ஆத்துப்படுகைதான். ஷோகேஸ் வேணாம்மா, எடுத்த எடம் எதுன்னு பொண்ணு ஞாபகத்துல இருக்கும்போதே ஒரு பேப்பர்ல எழுதி, பூண்டி மியூசியத்துல கொண்டு போய் காட்டு. வெறும் கல்லுன்னு சொன்னா பத்தரமா எடுத்த எடத்துலயே வெச்சிட்டு வந்துடட்டும். கேம்ப்ல கல்லு பொறுக்கி அடுப்பு கூட்டுறவங்களுக்கும் இத சொல்லுங்க.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): சாவி யாருகிட்ட இருக்கணும்? எங்க கேம்ப்ல இதுக்கே ரெண்டு கோஷ்டி ஆயிப்போச்சு.

பதில்: ரெண்டு கோஷ்டிகிட்டயும் வேணாம். எங்க சாவி கடைசி பஸ் ஸ்டாப் டீக்கடைல ஆணில தொங்குது, கூடவே ஒரு 80 பக்க நோட்டு. சாவி எடுக்கிறவன் பேரும் தேதியும் எழுதணும், திருப்பி மாட்டும்போது உள்ள இன்னா இல்ல, இன்னா ஒடைஞ்சிதுன்னு எழுதணும், செலவு கணக்கும் அதே நோட்டுலதான், டீக்கடைக்கு வர்றவன் எவன் வேணா படிக்கலாம். யாரு நல்லவன்னு நோட்டு சொல்லாது, தீப்பெட்டி இருக்கா இல்லியான்னு சொல்லும். போன வாரம் கடைசி வரி, கெணத்து ராட்டினம் கிறீச்சுன்னு கத்துது, எண்ணெய் எடுத்துட்டு வரவும். வர்ற ஞாயித்துக்கெழம என் வண்டி பொட்டில எண்ணெ டப்பா இருக்கு.