நார்வேஜியன்ல தீவுகளுக்கு என்ன வார்த்தை? அது எங்கேருந்து வந்துச்சு?

ஒரு தீவுன்னா 'ஓய்', தீவுகள்னா 'ஓயெர்', குறிப்பா இந்தத் தீவுகள்னு சொல்லணும்னா 'ஓயெனெ'. எழுத்துல பாத்தா நாம யாரையோ "ஓய்"னு கூப்பிடுற மாதிரிதான் இருக்கு, ஆனா உதட்டை ஓ-வுக்குக் குவிச்சு வச்சுக்கிட்டு எய்-னு சொல்லிப் பாருங்க, அதான் சரியான உச்சரிப்பு. கண்ணுக்கு வேற 'ஓயெ'ன்னு பேரு, படிக்க ஆரம்பிச்ச புதுசுல இந்த ரெண்டுலயும் நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

வைகிங் காலத்துப் பழைய நார்ஸ் மொழில இது 'எய்', ஐஸ்லாந்துல இன்னைக்கும் அதேதான். டேனிஷ்லயும் ஸ்வீடிஷ்லயும் கடைசி ய் தேஞ்சு வெறும் 'ஓ' ஆயிடுச்சு, நார்வேக்காரங்க விடல. அப்புறம் ஏன் ட்ரோம்சோ, பூடோன்னு ஊர் பேரெல்லாம் ய் இல்லாம முடியுதுன்னு கேட்டா, 1814 வரைக்கும் நார்வே டென்மார்க் ராஜா கையில இருந்துச்சு, எழுதுறதெல்லாம் டேனிஷ்ல, மேப்லயும் அப்படியே ஒட்டிக்கிச்சு. இதுல கூத்து என்னன்னா, ஊர் பேரு ட்ரோம்சோ, அந்த ஊர் உக்காந்திருக்கிற தீவு பேரு ட்ரோம்சோயா.

இன்னும் பின்னாடி போனா, நார்வேஜியன், இங்கிலீஷ் மாதிரி மொழிகளுக்கெல்லாம் தாய்மொழியான ஆதி ஜெர்மானிக்ல 'அவ்யோ'ன்னு ஒரு சொல் இருந்திருக்கும்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க கட்டமைக்கிறாங்க, தண்ணியைச் சேர்ந்ததுன்னு அர்த்தம், லத்தீன் ஆக்வாவுக்கு சொந்தம். நம்ம தீவும் த்வீபத்துலேருந்து வந்ததுதானே, அதுக்குள்ளயும் 'அப்'னு தண்ணி ஒளிஞ்சிருக்கு! இங்கிலீஷ் ஐலண்ட்ல வர்ற 'ஐ'யும் இதே ஜெர்மானிக் சொல்தான், நடுவுல இருக்கிற எஸ், பிரெஞ்சுலேருந்து வந்த ஐல்-ஐப் பாத்து யாரோ தப்பா சொருகினது, அதான் அதை யாரும் உச்சரிக்கிறதே இல்ல.

வைகிங்ஸ் போன வழியெல்லாம் இந்த வாலை விட்டுட்டுப் போயிருக்காங்க. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஆர்க்னி, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவுல இருக்கிற ஜெர்சி, கெர்ன்சின்னு இந்தத் தீவுப் பேர் எல்லாத்துலயும் கடைசில வர்றது அந்த 'எய்'தான், ஆக ஆர்க்னி ஐலண்ட்ஸ்னு சொல்றது நம்ம ஊர் 'நடுசென்டர்' கேஸ். ஃபேரோ தீவுகளை நார்வேல 'ஃபேர்-ஓயெனெ'ன்னுதான் சொல்வாங்க, செம்மறி ஆட்டுத் தீவுகள்னு பொதுவா அர்த்தம் சொல்றாங்க. அவ்வளவு ஏன், ஸ்காண்டிநேவியாங்கிற பேரோட வாலும் அந்த 'அவ்யோ'தான்.

நார்டிக்னு சொன்னதும் ஃபின்லாந்தையும் இதுல சேர்த்துடாதீங்க, அது வேற மொழிக் குடும்பம், அங்க தீவுக்கு 'சாரி'. மன்னிப்பு கேக்குற சாரி இல்ல, சா-வை நல்லா இழுக்கணும்.