பணத்தை நிறுத்தினால் பிள்ளையைக் காட்டுவார்களா?

கேள்வி: எங்கள் மணவிலக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மனைவி பிள்ளைகள் இருவரையும் (வயது 7, 4) கூட்டிக்கொண்டு தெம்பனிஸில் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பல வாரமாக வீடியோ காலில்கூட பிள்ளைகளைக் காட்டவில்லை. "கஸ்டடி எனக்குத்தான், உங்களுக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார். மாதப் பணத்தை நிறுத்து, தானாக வழிக்கு வருவார் என்கிறார்கள் நண்பர்கள். நிறுத்தலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: நிறுத்தாதீர்கள் தம்பி. காப்பிக்கடையில் யோசனை சொல்பவர்கள் யாரும் நீதிபதி முன்னால் உங்களோடு வந்து நிற்கப்போவதில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் செலவுப் பணமும் பிள்ளையைப் பார்ப்பதும் சட்டத்தின் கண்ணில் தனித்தனி விஷயங்கள். அவர் பார்க்க விடவில்லை என்பதற்காக நீங்கள் பணத்தை நிறுத்த முடியாது. நீங்கள் பணம் தரவில்லை என்று அவரும் பிள்ளைகளை மறைத்து வைக்க முடியாது. இன்று நிறுத்தினால் நாளை அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும். வங்கி மூலமே அனுப்புங்கள், பதிவு இருக்கும்.

அப்புறம், "கஸ்டடி எனக்குத்தான்" என்ற மிரட்டல். சிங்கப்பூரில் கஸ்டடி என்பது படிப்பு, மதம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்றவற்றை முடிவு செய்யும் உரிமை. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2005 தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் அதைப் பெற்றோர் இருவரிடமுமே விட்டுவைக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் கொடுப்பது அரிது. பிள்ளை யார் வீட்டில் வளர்வது என்பது வேறு, அதைக் கேர் அண்ட் கண்ட்ரோல் என்பார்கள். மற்றவருக்குக் கிடைப்பது ஆக்சஸ், அதாவது வார இறுதி, பள்ளி விடுமுறையில் பாதி, தீபாவளிக்கு யார் வீடு என்பதுவரை எழுதிவைக்கும் ஏற்பாடு. உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள், இதுவரை அன்றாடம் அம்மாதான் கவனித்திருந்தால் அவரிடமே வளர வாய்ப்பு அதிகம். கசப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் வாதாட வேண்டியது இந்த ஆக்சஸுக்காகத்தான். இந்த வழக்குகளுக்கான சட்டமான மாதர் சாசனம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. "அப்பா என்ற உரிமை" என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தால் எடுபடாது. எட்டு மணிக்குள் தூங்க வைப்பேன், வீட்டுப்பாடம் பார்ப்பேன், என் அம்மா கூட இருக்கிறார் என்று சொல்லுங்கள், காது கொடுப்பார்கள்.

வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இடைக்கால உத்தரவுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லி வழக்கறிஞரிடம் பேசுங்கள். கையில் காசில்லை என்றால் சட்ட உதவிப் பிரிவில் தகுதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் ஆலோசனைக்கும் சமரசப் பேச்சுக்கும் அனுப்புவார்கள். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள், பல வீடுகளில் சண்டை அங்கேதான் தணிகிறது. உத்தரவு வந்த பிறகும் அவர் மீறினால், இழந்த நேரத்தை ஈடுகட்டச் சொல்வது முதல் அபராதம், சிறை வரைக்கும் வழிசெய்யும் திருத்தத்தை 2022-ல் நிறைவேற்றினார்கள். (முஸ்லிம் முறைப்படி மணந்தவர்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும், நடைமுறை மாறும்.)

வாட்ஸ்அப்பில் திட்டாதீர்கள். ஒவ்வொரு வரியும் அச்செடுத்து நீதிமன்றத்துக்கு வரும்.

கேள்வி: தீர்ப்பு வந்துவிட்டது, மகன் என்னிடம்தான் இருக்கிறான். டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சிக்குக் கூட்டிப்போக அவனுடைய அப்பா சம்மதிக்க வேண்டுமா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: ஒரு மாதத்துக்குக் குறைவான பயணம் என்றால், பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பவர் அழைத்துப்போகலாம் என்பது பொது விதி. அதற்கு மேல் என்றால் மகனுடைய அப்பாவின் எழுத்துபூர்வ சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். உங்கள் உத்தரவில் வேறு நிபந்தனை இருந்தால் அதுதான் செல்லும், முதலில் அதை எடுத்துப் படியுங்கள். அவருக்கு முறைப்படி கிடைக்க வேண்டிய நாள்கள் நடுவில் வந்தால் மாற்று நாள்களை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் அனுப்புங்கள் அம்மா. பிள்ளையைக் கடத்திச் செல்வதைத் தடுக்கும் ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. பிள்ளை அங்கேயே தங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு என்று அந்த அப்பா பயப்படுவதில் நியாயம் உண்டு.