இலை வெளுத்த இட்லிப்பூ

கேள்வி: மதில் ஓரம் வைத்த இட்லிப்பூச் செடியில் துளிர் எல்லாம் மஞ்சளாகிறது. பூவும் இல்லை. என்ன செய்யலாம்? (வாசகி, மதுரை)

பதில்: ஒரு துளிரைக் கிள்ளிப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மதிலிலிருந்து உதிரும் சிமென்ட், சுண்ணாம்பு, போதாததற்கு போர்வெல் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. யூரியா போட்டால் தீராது.

ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழச் சாறு, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். கரைசல் துருநிறமானால் கொட்டிவிடுங்கள், பயனில்லை. மதிலை விட்டு இரண்டடி தள்ளி, மட்கிய இலையும் தொழுவுரமும் கலந்த செம்மண்ணில் நடுவதே நிரந்தரத் தீர்வு.

பூ இல்லாததற்குக் கத்தரிக்கோலும் காரணமாகலாம். மொட்டு கிளை நுனியில்தான் வரும்; அடிக்கடி மட்டம் தட்டினால் அதுவும் போய்விடும். பூத்து முடிந்த கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள்.

கேள்வி: எந்த ரகம் வாங்கலாம்?

பதில்: இடமிருந்தால் நம் நாட்டுச் சிவப்பு இட்லிப்பூவான வெட்சிதான். அந்தக் காலத்தில் நிரை (பகைவரின் மாட்டு மந்தை) கவரப் போன வீரர்கள் சூடிய பூ. எட்டடிக்கு மேலும் வளரும். மஞ்சள் பூ ரகமும் உண்டு. தொட்டிக்குச் சிறிய இலைக் குட்டை ரகம். இளஞ்சிவப்பில் பெரிய கொத்து வேண்டுமானால் ‘நோரா கிராண்ட்’ என்ற கலப்பினம்.