பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை, சாலைக்கும் ரேஸ் டிராக்கிற்கும் ஏற்றபடி மாற்ற முடியுமா?

முடியும். மதுரையில் 1967 மாடல் ஹெரால்ட் ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளாக இதே வேலையாகத்தான் இருக்கிறேன். ஆனால் "எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்களே, அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஹெரால்டில் தொந்தரவு கொடுப்பது ஸ்பிரிங்கின் மென்மை அல்ல, பின் சக்கரங்கள் நிற்கும் கோணம்.

'இது ஸ்போர்ட்ஸ் காரா?' என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் சிரித்திருக்கிறார். சென்னை வண்டலூரில் தயாரான இந்தக் குடும்ப வண்டியின் எஞ்சின் வெறும் 948 சிசி என்பது உண்மைதான். ஆனால் 1962இல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதே ஹெரால்டின் அடிப்படையில் எழுந்தது. முன்பக்கம் சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் கவை வடிவக் கைகள் (இரட்டை விஷ்போன்), பின்பக்கம் தனித்தனியாக அசையும் சக்கரங்கள் என்று இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு. அதனால் ஸ்பிட்ஃபயர்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் நமக்கும் பொருந்தும்.

பின்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில்), தோளில் காவடித் தண்டு உட்கார்ந்ததுபோல், எஞ்சினின் சக்தியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிஃபரன்ஷியலின் முதுகில் பூட்டப்பட்டிருக்கும். அதன் இரண்டு நுனிகளும் சக்கரங்களைப் பிடித்திருக்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு உள்பக்கம் மட்டுமே மூட்டு உண்டு, வெளிப்பக்கம் கிடையாது. ஆகவே வண்டியின் பின்புறம் எழும்பினால் சக்கரங்கள் அடிப்பக்கம் உள்ளே மடங்கி நிற்கும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்கிறது, பின்புறம் எழும்புகிறது, சக்கரம் மடங்குகிறது, டயர் ஓரத்தில் மட்டும் தரையைத் தொடுகிறது. அடுத்த நொடி வண்டி முன்பின்னாகத் திரும்பியிருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உசிலம்பட்டிச் சித்தப்பாவின் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி என்பதால் பின்புறம் தொய்ந்திருந்தது. லாரிகளுக்குப் பட்டை கட்டும் ஒரு பட்டறையில் காட்டினேன். "இன்னொரு பட்டை சேர்த்தால் நிமிர்ந்துவிடும் அண்ணே" என்றார் அங்கிருந்தவர். சேர்த்தோம், மாப்பிள்ளைபோல நிமிர்ந்து நின்றது. லாரிக்கு அது சரியான வைத்தியம். ஹெரால்டுக்கு அதுவே நோய், ஏனென்றால் பின்புறம் உயர உயர சக்கரம் மேலும் மடங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே திண்டுக்கல் வழியாகச் சிறுமலைக்குப் போனோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் காலை எடுத்தேன். பின்புறம் குதிரைபோல ஒரு துள்ளு துள்ளி வெளியே போனது. வண்டி நின்றபோது தடுப்புச் சுவருக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண். மூக்கு மலையைப் பார்த்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, "என்னடா, திரும்பவும் மேலேயே போகிறோமா?" என்று கேட்டார். மதுரை வரும் வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாளே அந்தப் பட்டையைக் கழற்றினேன். ஸ்பிரிங்கின் வளைவைச் சரிசெய்த பிறகு, செல்லூரில் ஒரு லேத்தில் 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கட்டை கடைந்து வாங்கி, டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைத்தேன். ஸ்பிரிங் மேலே போகும், வண்டி கீழே இறங்கும். ஸ்பிரிங்கைப் பூட்டும் ஸ்டட்களையும் (தலையில்லாத போல்ட்டுகளையும்) அதற்கேற்ற நீளத்தில் மாற்ற வேண்டும், பழையதை இழுத்துப் பிடித்துச் சமாளிக்காதீர்கள். நமக்கு வேண்டியது, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் பின் சக்கரத்தின் மேல்பக்கம் ஒன்றரை முதல் இரண்டு பாகை உள்ளே சாய்ந்திருப்பது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஓட்டுநர் இருக்கையில் மூன்று 25 கிலோ அரிசி மூட்டைகளை வைத்தேன். கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டை ஃபெண்டரிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்தேன். 13 அங்குலச் சக்கரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பாகை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் எல்லாம் தப்பாக வரும். சக்கரங்கள் மடங்கிய நிலையிலேயே நிற்கும். வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளிய பிறகுதான் அவை விரிந்து தம் இடத்துக்கு வரும். இது தெரியாமல் நான் ஒரு மத்தியானம் முழுவதும் கட்டையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

செலவழிக்கத் தயார் என்றால் இதைவிட நல்ல வழி, 1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபோரில் வந்த ஸ்விங் ஸ்பிரிங். அதில் அடிப்பட்டையைத் தவிர மற்றவை நடுவில் சீசா பலகைபோல அசையும். வளைவில் பின்புறம் எழும்பும் குணம் பெருமளவு குறைந்துவிடும். அதைப் போட்டால் முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் (வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியையும்) தடிமனாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பாய்மரப் படகுபோலச் சாயும்.

முன்பக்கத்தில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. கீழ் விஷ்போனின் நுனியில் உள்ள பித்தளை டிரன்னியன். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு அதன் மரைக்குள்தான் சுழல்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் அங்கே கிரீஸ் அடிப்பார்கள். அதற்கு வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிட்டால் தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் முறியும், சக்கரம் விலாவில் மடங்கிவிடும். டிராக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். மரையில் துரு அரித்த குழி ஒன்று தெரிந்தாலும் தண்டை மாற்றிவிடுங்கள்.

மற்றவை எளிது. மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். ரப்பருக்குப் பதில் அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் ஸ்டியரிங் கூர்மையாகும், நகரத்தின் குண்டு குழிகள் முதுகுக்கு நேரடியாக வந்து சேரும். நான் முன்பக்கம் மட்டும் போட்டிருக்கிறேன். நல்ல ரேடியல் டயர், பின்னால் முன்பக்கத்தைவிட 4 அல்லது 5 பிஎஸ்ஐ கூடுதல் காற்று. ஷாக் அப்சார்பர் மட்டும் குமிழ் திருகிக் கடினத்தை மாற்றும் வகையாக இருக்கட்டும். சாலை, டிராக் இரண்டையும் ஒரே வண்டியில் சமாளிப்பது அந்தக் குமிழால்தான். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு நான் வண்டியை ஓட்டிக்கொண்டே போகிறேன், ஓட்டிக்கொண்டே திரும்புகிறேன். அங்கே போனதும் நான்கு கிளிக் இறுக்கம், கிளம்பும்போது நான்கு கிளிக் தளர்வு. 2.1 கிலோமீட்டர் சுற்றில் எல்லாரும் என்னை முந்துவார்கள், அது வேறு விஷயம். மலையில் என்னைத் திருப்பிப் போட்ட வண்டி இப்போது வளைவில் காலை எடுத்தாலும் கோடு மாறாமல் போகிறது.

ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் வண்டியின், இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சை எடுத்து ஹெரால்டில் மாட்டிவிடலாமே என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1972இல் கெஸலில் அப்படிச் செய்தது. ஆனால் உங்கள் சேஸிஸில் அதைத் தாங்கும் பிடிமானங்கள் கிடையாது. வெட்டி ஒட்டத்தான் வேண்டியிருக்கும். ஒரு கட்டையும் தூக்குக்குண்டும் செய்யும் வேலைக்கு வெல்டிங்கைக் கூப்பிடாதீர்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கவும் வேண்டாம். எங்கள் தெருமுனை வேகத்தடையில் என் சைலன்சர் இப்போதே தினமும் கோடு கிழிக்கிறது.