ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) சுரக்கும் செல்லைப் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து உருவாக்குவது ஹைப்ரிடோமா செல். அதன் வளர்ப்பில் நூற்றில் சிலதான் தேறும். அப்படிப்பட்ட முறைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கிடைக்கும். துறை தெரிந்தவர் காப்புரிமை விண்ணப்பத்தில் உள்ள விவரணையைப் படித்து, அளவுமீறிய சோதனை இல்லாமல் அதைச் செய்ய முடிந்தால் போதும்.

அமெரிக்காவின் வாண்ட்ஸ் வழக்கை (1988) பாருங்கள். ஹெபடைடிஸ் பி-யைக் கண்டறியும் ஆன்டிபாடிகள். 143 ஹைப்ரிடோமாக்களில் 4 தான் தேறின, வெறும் 2.8 சதவீதம் என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. ஆனால் முழுதாகச் சோதித்ததே 9-ஐத்தான். மற்றவை உறைய வைக்கப்பட்டுக் கிடந்தன. 9-ல் 4 என்பது நல்ல கணக்குதானே! சலித்துத் தேர்வது இத்துறையின் அன்றாட வேலை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

கேட்கும் உரிமை அகலமானால் கதை வேறு. 26 ஆன்டிபாடிகளை விவரித்துவிட்டு, அதே வேலை செய்யும் அத்தனைக்கும் உரிமை கோரிய ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம், 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக மறுத்தார்கள்.