ஐ20 என் லைனா, விர்டஸ் 1.5 டிஎஸ்ஜியா?

ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்குவதா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வாங்குவதா என்று கேட்டீர்கள். தினமும் சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசல், மாதம் ஒருமுறை கொல்லிமலை என்றால் நான் விர்டஸ் 1.5 பக்கம்தான். ஆனால் டிஎஸ்ஜி வேண்டாம், ஆறு கியர் மேனுவல் எடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் இரண்டு ஆட்டோமேட்டிக்கும் ஊர்ந்து போகும்போது உதறியது என்றீர்களே, அது பெரும்பாலும் பழுது இல்லை. இரண்டிலும் உள்ளது உலர் வகை, அதாவது எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச். பத்தடி நகர்ந்து நிற்கும்போதெல்லாம் கிளட்ச் பாதி பிடித்து வழுக்கும். அதில்தான் உதறலும் சூடும். என் பழைய வண்டியும் இந்த வகைதான். மேம்பாலச் சரிவில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே நிறுத்திவைக்கும் பழக்கத்தால் கிளட்சைத் தீய்த்தேன். தப்பு என்னுடையது.

மலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். விர்டஸ் இன்ஜினின் இழுவை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர், என் லைன் 172. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் செத்து மறுபடி எழ வேண்டும், அங்கே இந்த இழுவைதான் சுகம். என் லைன் மோசமில்லை. குட்டி வண்டி, சந்துபொந்தில் பார்க்கிங் சுலபம்.

முடிவெடுக்கும் முன், மாலை ஆறரைக்கு சோழிங்கநல்லூர் சிக்னல் பக்கம் மேனுவலை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம்காரர் காலி ரோட்டுக்குத்தான் கூப்பிடுவார், விடாதீர்கள்.

இடது முட்டி வலி இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது விர்டஸிலேயே சிறிய 1.0 டிஎஸ்ஐ இன்ஜினோடு வரும் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் திரவம் வழியாக இழுவை கடத்தும்) ஆட்டோமேட்டிக் பாருங்கள். நெரிசலில் அது மென்மை. மலையில் கொஞ்சம் சொணங்கும்.