பேட்டரி மாற்றினால் போதுமா?

கேள்வி: என் ஐபோன் 11-இல் 30 சதவிகிதம் சார்ஜ் இருக்கும்போதே, கேமராவைத் திறந்தால் அணைந்துவிடுகிறது. புதிது வாங்கச் சொல்கிறார்கள் பிள்ளைகள். வாங்கலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: அவசரம் வேண்டாம், அம்மா. பழைய பேட்டரியில் உள்மின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கும் தன்மை, கூடிவிடும். கேமரா திடீரென அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் அணைகிறது. செட்டிங்ஸில் 'பேட்டரி', அதற்குள் 'பேட்டரி ஹெல்த்' பாருங்கள். 80 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். இந்த மாடலின் பேட்டரி சுமார் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளில் அந்த அளவுக்குத் தேய்வது இயல்புதான்.

கடையில் கொடுக்குமுன் பேக்கப் எடுத்துவிடுங்கள். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியோ, அக்கம்பக்கக் கடையோ, திரையைச் சுற்றியுள்ள ஒட்டுப்பசையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பசை சரியில்லாவிட்டால் நம்மூர் மழைக்கு உள்ளே ஈரம் புகுந்துவிடும்.

திரை விளிம்பு தூக்கியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவும் வேண்டாம். உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதுப் பேட்டரிக்கும் எதிரி வெப்பம்தான். வெயிலில் நிற்கும் காரில் போனை விடாதீர்கள், தலையணைக்கடியில் சார்ஜ் போடாதீர்கள். பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்று, அரசுச் சேவைகளுக்கான அடையாளச் செயலியான சிங்பாஸும் வங்கிச் செயலிகளும் ஏற்க மறுக்கும்போது புதிது வாங்குங்கள்.